மடிக்குழந்தை

மூன்று வயது முடியாத குழந்தைக்கு பஸ்ஸில் டிக்கெட் கிடையாது. அது மடிக்குழந்தை, ஆள் கணக்கில் சேராது. மூன்று முடிந்ததிலிருந்து பன்னிரண்டு முடியும் வரை அரை டிக்கெட். இரண்டு அரை சேர்ந்தால் ஓர் ஆள். பதினோரு வருஷம் கண்டக்டர் வேலை பார்த்தவன் நான். தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வேன். சொல்வதற்கும் செய்வதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை.

எங்கள் முதலாளி கோதண்டராமன் செஞ்சி கடைத்தெருவில் மளிகை மண்டி வைத்திருந்தார். அறுபத்தோராம் வருஷம் ஒரு பஸ் வாங்கி ஓடவிட்டார். மற்ற நாட்களில் அது திண்டிவனத்திலிருந்து வல்லம் வழியாக செஞ்சிக்கு வரும், போகும். அமாவாசை அன்று மட்டும் செஞ்சிக்கும் மேல்மலையனூருக்கும் ஸ்பெஷல். அங்காளம்மனைப் பார்க்க ஜனம் அலைமோதும். பஸ்ஸின் நெற்றியில் ஒரு தகரப் பலகை எழுதி மாட்டினார் முதலாளி. ‘அம்மன் அருளால் அமாவாசை தோறும் பிள்ளைகளுக்கு இலவசம்.’

ஊரே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. ஆதாயம் இல்லாமல் ஆற்றைக் கட்டி இறைப்பானா ஒருவன்? விஷயம் இதுதான். பர்மிட் நாற்பத்திரண்டு பேருக்கு. இருபது பிள்ளைகளுக்கு அரை டிக்கெட் கிழித்தால் டிக்கெட் கணக்கு எழுதும் ஷீட்டில் பத்து ஆள் ஏறிவிடும். அப்புறம் முப்பத்திரண்டு பெரியவர்களைத்தான் ஏற்றலாம். பிள்ளைகளுக்கு டிக்கெட்டே இல்லை என்றால் நாற்பத்திரண்டு பேரும் முழு டிக்கெட். அந்த இருபது பிள்ளைகளும் ஷீட்டைப் பொறுத்தவரை பஸ்ஸிலேயே இல்லை. அம்மனும் மகிழ்ச்சி, முதலாளியும் மகிழ்ச்சி. எனக்கும் வருஷா வருஷம் தீபாவளிக்கு வேட்டி கிடைத்தது.

இல்லாத பிள்ளைகளை எங்கே வைப்பது? அதற்கும் வழி இருந்தது. டிரைவருக்கு இடது பக்கம் என்ஜினை மூடிய பெட்டி இருக்கும். அதன் மேல் கோணிச் சாக்கை நாலாக மடித்துப் போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டால் சூடு பொறுக்கும். கூட்டம் நெருக்க ஆரம்பித்ததும் நான் கூவுவேன்.

“புள்ளைங்கள கைமாத்தி முன்னால வுடுங்க. நசுங்கிடப் போவுது.”

பின்னால் நிற்கும் அம்மாக்கள் தூக்கிக் கொடுப்பார்கள். தலைக்கு மேல் கை மாறி மாறி, கொலுசும் அரைஞாணும் ஆட, பிள்ளைகள் முன்னால் போகும். யார் வீட்டுப் பிள்ளையை யார் வாங்குகிறார்கள் என்று எவருக்கும் தெரியாது. பெட்டிக்கு மேலே ‘இங்கு உட்காரக் கூடாது’ என்று எழுதியிருந்தது. அதன் கீழே பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் முன்வாசல். அதற்குக் கதவு கிடையாது, ஒரு குறுக்குக் கம்பிகூடக் கிடையாது.

வழியில் வண்டி சோதிக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் ஏறினால் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே வயதுதான். “ரெண்டரை.” பால் பல் விழுந்து புதுப்பல் முளைத்ததுகூட ரெண்டரை என்று சொல்லும். ஒருமுறை ஒரு பையன், “ரெண்டரை. நாலாங்கிளாஸ் படிக்கிறேன்” என்றான். பஸ் முழுக்கச் சிரித்தது. இன்ஸ்பெக்டரும் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

என் மகள் சாரதாவுக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அவளுக்கு அப்போது ஆறு முடிந்துவிட்டது. அவள் அம்மா வேதநாயகியைப் போலச் சின்ன உடம்பு. பார்த்தால் நாலு என்பார்கள். அதில் அவளுக்குக் கோபம் வரும்.

“நான் ரெண்டாங்கிளாஸ் நைனா. பொய் சொன்னா டீச்சர் அடிப்பாங்க.”

“பஸ்ஸில சொல்றது பொய் இல்லம்மா. அது பஸ்ஸு வயசு.”

அவளுக்கு வேறொரு ஆசையும் இருந்தது. தனக்கென்று ஓர் அரை டிக்கெட் வேண்டும். ஜனங்கள் இறங்கும்போது போட்டுவிட்டுப் போகும் டிக்கெட்டுகளைப் பொறுக்கி ஒரு பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். எல்லாம் அடுத்தவர்கள் டிக்கெட். “எம்பேருக்கு ஒண்ணு கிழிச்சிக் குடு நைனா” என்று ஒவ்வொரு அமாவாசைக்கும் கேட்பாள். கண்டக்டர் பொண்ணுக்கு டிக்கெட் எதற்கு என்று நான் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவேன். ஒரு துண்டுக் காகிதம். கிழித்துக் கொடுத்திருந்தால் என் சொத்தா குறைந்திருக்கும்?

அறுபத்தைந்தாம் வருஷம் ஆடி அமாவாசை. மத்தியானம் மூன்றாவது நடை. அன்றைக்குச் செஞ்சி பஸ் நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. வேதநாயகியும் சாரதாவும் பின்வாசல் வழியாக ஏறி நடுவில் நின்றார்கள். சாரதா அம்மாவின் முந்தானையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல் கூவினேன். பிள்ளைகள் முன்னால் போக ஆரம்பித்தார்கள். வேதநாயகி அசையவில்லை.

“குடு, அவளையும் முன்னால அனுப்பறேன்.”

“இருக்கட்டும். எங்கையிலயே இருக்கட்டும்.”

“இங்க நிக்க எடமில்ல, பின்னால இன்னும் எட்டுப் பேரு ஏறணும். முன்னால காத்தாட ஒக்காந்து வருவா. குடு.”

“வாசலு பக்கமா இருக்குது அந்த எடம். எனக்குப் பயமா இருக்குது.”

“நான் பாக்காத பஸ்ஸா? குடுன்றேன்.”

அவள் விரல்களைப் பிரித்து நான்தான் குழந்தையை வாங்கினேன். இதை நன்றாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் சொல்ல வேண்டிய இடத்தில் நான் இதைச் சொல்லவில்லை. வாங்கி, தலைக்கு மேல் தூக்கி, முன்னால் நின்றவரிடம் கொடுத்தேன். சாரதா என்ஜின் பெட்டியின் ஓரத்தில், வாசல் பக்கமாக உட்கார்ந்தாள். அங்கேயிருந்து என்னைப் பார்த்துக் கையைக் காட்டி டிக்கெட் கிழிப்பது போல் ஜாடை செய்தாள். நான் விசில் கொடுத்தேன்.

வளத்தி தாண்டி ஏரிக்கரை வளைவு. மலையனூருக்குப் பொங்கல் வைக்கப் போகிற மாட்டுவண்டி ஒன்று குறுக்கே திரும்பிவிட்டது. டிரைவர் ராஜாங்கம் பிரேக்கை மிதித்தார். நின்றிருந்த நாங்கள் எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தோம். முன்னால் பிள்ளைகள் அழுதன. பெட்டியிலிருந்து சரிந்து பத்துப் பேரும் கண்ணாடிக்குக் கீழே குவிந்து கிடந்தார்கள். சிராய்ப்பு, ஒன்றுக்கு மூக்கில் ரத்தம். அவ்வளவுதான் என்று நினைத்தேன். நான் பெட்டியில் உட்கார வைத்தது பதினோரு பேர்.

பஸ் நின்ற இடத்துக்கும் அவள் கிடந்த இடத்துக்கும் நடுவில் பதினைந்து அடி இருக்கும். வேதநாயகி எனக்கு முன்னால் இறங்கி ஓடிவிட்டாள். அவ்வளவு கூட்டத்தில் எப்படி இறங்கினாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் போனபோது அவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். உயிர் போய்விட்டிருந்தது.

மறுநாள் அடக்கம் முடிந்ததும் முதலாளி வந்தார். கூடவே அவருடைய ஆபீஸ் எழுத்தர் ரங்கநாதன். முதலாளி என் தோளில் கை வைத்து அழுதார். அந்த அழுகை பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அழுது முடித்துவிட்டு, “போனது போயிட்டுது செல்லப்பா. இருக்கறவங்கள பாக்கணும்” என்றார். ரங்கநாதன் வாசலுக்கு அந்தப் பக்கம் என்னை அழைத்துப் போய்ப் பேசினார்.

“ஷீட்டுல கொழந்தைங்க ஒண்ணுகூட இல்ல. நீதான் எழுதியிருக்கிற. என்ஜின் பெட்டி மேல பதினொரு பேருன்னு விசாரணையில வந்தா பர்மிட்டு போச்சு, உன் லைசன்சு போச்சு. ராஜாங்கம் உள்ள போயிடுவான். நாலு புள்ள அவனுக்கு.”

“நான் இன்னா சொல்லணும்?”

“ரெண்டே வார்த்தை. கொழந்தைக்கு மூணு முடியல. அம்மா மடியில இருந்தது, வண்டி குலுங்கும்போது கை நழுவிட்டுது. மடிக்குழந்தைன்னா சட்டத்துக்குள்ள வந்துடும். பெத்த தகப்பன் வயசு சொல்லும்போது யாரு மறுத்துப் பேசப் போறாங்க?”

ராஜாங்கத்துக்காகச் சொன்னேன் என்று வெகு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். வேலைக்காக என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டும் இல்லை. உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால், குழந்தையை யார் முன்னால் அனுப்பினது என்று கேட்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இருந்தது, வாய்தான் இல்லை. கை நழுவியது அவளுக்கு என்று சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது. வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இங்கே வேலி மேய்ந்துவிட்டுப் பயிர் மேல் பழி போட்டது.

கோர்ட்டில் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சாரதாவின் பள்ளிக்கூடத்து ரிஜிஸ்டரை யாரும் கேட்கவில்லை. தாய் துக்கத்தில் இருக்கிறாள் என்று ரங்கநாதன் சொன்னதால் வேதநாயகியையும் கேட்கவில்லை.

“குழந்தையின் வயது?”

“மூணு முடியலீங்க.”

“எங்கே இருந்தது?”

“அவங்க அம்மா மடியிலீங்க.”

“என்ஜின் மேல் யாராவது உட்கார்ந்திருந்தார்களா?”

“இல்லீங்க. அங்க ஒக்கார வுடமாட்டோங்க.”

பிரேக் நன்றாக இருந்தது என்று பிரேக் இன்ஸ்பெக்டர் சொன்னார். அது உண்மைதான், பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. எதிர்பாராத விபத்து, தாய்மார்கள் மடிக்குழந்தைகளிடம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும் என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

வேதநாயகி வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு நடக்கும் வழியில் கேட்டாள்.

“இன்னா சொன்ன உள்ள?”

சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை, அந்த மட்டுக்கும் யோக்கியன். அவள் அழவில்லை, திட்டவில்லை. வீட்டு வாசலில் நின்று, “நீதான வாங்கின எங்கையிலேர்ந்து” என்றாள். மறுநாள் காலையில் அவலூர்பேட்டையில் இருக்கும் அவள் அண்ணன் ராஜகோபால் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது அந்தப் பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள்.

நான் பதினாறாம் நாள் வேலைக்குப் போனேன். பஸ்ஸில் புதிதாக ஒரு பலகை தொங்கியது. ‘தாய்மார்களே, உங்கள் குழந்தைகளைப் பத்திரமாக மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.’ பழைய பலகை எழுதிய அதே பெயிண்டர்தான் எழுதியிருந்தான், எழுத்து அழகாக இருந்தது. பழைய பலகையையும் எடுக்கவில்லை. முன்வாசலுக்கு ஒரு கம்பி போடலாமே என்று முதலாளியிடம் கேட்டேன். கம்பி போட்டால் ஏற இறங்க நேரம் ஆகும் என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஆவணி அமாவாசைக்கு நான் மறுபடியும் பிள்ளைகளைக் கைமாற்றி முன்னால் அனுப்பினேன். முதல் குழந்தையை வாங்கும்போது முன்வாசலைத் திரும்பிப் பார்த்தேன். ஐந்தாவதுக்குப் பார்க்கவில்லை.

தை அமாவாசை அன்று வேதநாயகி செஞ்சிக்கு வந்தாள். அவலூர்பேட்டையிலிருந்து மலையனூருக்கு நேராகவே போகலாம். இவ்வளவு தூரம் சுற்றி வந்து இந்த பஸ்ஸில் ஏற அவளுக்கு ஒரு அவசியமும் இல்லை. முன்கூட்டியே வந்து முன்வாசலுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்து கறுத்துப் போயிருந்தாள். ஜன்னல் பக்கத்து இடத்தை விட்டு, இந்த ஓரமாக உட்கார்ந்திருந்தாள். ஒரு பெரியவர் உள்ளே நகரச் சொன்னதற்கு, “ஆளு இருக்குதுங்க” என்றாள்.

நான் டிக்கெட் போட்டுக்கொண்டே அவளிடம் வந்து நின்றேன். நிமிர்ந்து பார்த்தாள்.

“கண்டக்டரே, ஒரு முழு டிக்கெட்டு, ஒரு அரை டிக்கெட்டு.”

“அரை யாருக்கு?” என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

“எம் பொண்ணுக்கு. ஏழு வயசு ஆவப் போவுது. ரெண்டாங்கிளாஸ்.”

“வேதம், எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். டிக்கெட்டு கிழிங்க. ஷீட்லயும் எழுதுங்க. அன்னிக்கி எழுதல.”

கிழித்தேன். ஐந்து வருஷமாக அமாவாசை ஸ்பெஷல் ஓடியதில் நான் கிழித்த முதல் அரை டிக்கெட் அது. ஷீட்டில் ‘அரை ஒன்று’ என்று எழுதினேன். அவள் அந்த டிக்கெட்டை வாங்கிப் புடவையில் துடைத்தாள். பிறகு என்ஜின் பெட்டியைப் பார்த்தாள். ஒன்பது பிள்ளைகள் இருந்தார்கள். வாசல் பக்கத்து ஓரத்தில் பச்சைப் பாவாடை கட்டிய ஒரு பெண் குழந்தை.

“இன்னும் அங்கதான் ஒக்கார வெக்கிறியா” என்றாள். நான் பின்னால் நகர்ந்தேன்.

வளத்தி தாண்டி, ஏரிக்கரை வளைவுக்குச் சற்று முன்னால் கை காட்டி வண்டியை நிறுத்தினார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர். அன்றைக்கு பிரேக் நன்றாக இருந்தது என்று சொன்ன அதே ஆள். முன்வாசலில் ஏறி ஷீட்டை வாங்கிப் பார்த்தார். முழு டிக்கெட் நாற்பத்தொன்று, அரை ஒன்று.

“அரை யாருப்பா?”

வேதநாயகி இரண்டு டிக்கெட்டையும் தூக்கிக் காட்டினாள்.

“கொழந்த எங்கம்மா?”

“கண்டக்டருக்குத் தெரியும்” என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். பஸ் முழுக்க என்னைப் பார்த்தது. பிள்ளைகள் தங்களைத்தான் கேட்கப் போகிறார் என்று ரெண்டரையை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

“எறங்கிட்டா சார்.”

“எங்க?”

“இந்த வளைவுலதான் சார். ஆடி அமாவாசைக்கு.”

அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. முகம் மாறியது. ஷீட்டைப் பார்ப்பது போல் குனிந்துகொண்டு மெல்லக் கேட்டார். “அந்தக் கொழந்தைக்கு மூணு முடியலன்னுதான சொன்ன?”

“ஆறு முடிஞ்சிருந்தது சார். மடியிலயும் இல்ல. இவ குடுக்க மாட்டேன்னா. நாந்தான் கையப் பிரிச்சி வாங்கி அந்தப் பெட்டி மேல ஒக்கார வெச்சேன். கோர்ட்டுல சொன்னது பொய் சார்.”

ராஜாங்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மாதமாக மறைத்து வைத்ததைச் சொல்லிவிட்டேன், இனி என்னைக் கீழே இறக்குவார்கள், எழுதிக்கொள்வார்கள், எது நடந்தாலும் நடக்கட்டும் என்று நின்றேன்.

“அது முடிஞ்சிபோன கேசுப்பா” என்றார் இன்ஸ்பெக்டர்.

பேனாவை எடுத்து ஷீட்டின் ஓரத்தில் எழுதினார். ‘அரை டிக்கெட் ஒன்று, ஆள் இல்லை. கண்டக்டர் கவனக்குறைவு.’ கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். இறங்கப் போகும்போது என்ஜின் பெட்டியைப் பார்த்துவிட்டு, கேட்க வேண்டுமே என்று கேட்டார்.

“இதுங்கள்லாம்?”

“ரெண்டரை” என்றார்கள் ஒன்பது பேரும்.

அவர் இறங்கிப் போனார். வண்டி கிளம்பவில்லை, என் விசிலுக்காக ராஜாங்கம் காத்திருந்தார். வேதநாயகி எழுந்தாள். என்னைத் தாண்டி முன்னால் போய், பச்சைப் பாவாடைக்காரியின் கையைப் பிடித்தாள்.

“வாம்மா. இங்க வந்து ஒக்காரு. உனக்கு டிக்கெட்டு வாங்கியிருக்குது.”

குழந்தை கூட்டத்தில் தன் அம்மாவைத் தேடியது, பிறகு கூடவே வந்தது. ஜன்னல் பக்கத்தில் அவளை உட்கார வைத்து, அரை டிக்கெட்டை உள்ளங்கையில் வைத்து மூடினாள் வேதநாயகி. இந்தப் பக்கம் தான் உட்கார்ந்து குழந்தையின் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

மற்ற எட்டுப் பேரும் பெட்டியிலேயே இருந்தார்கள். ஓரத்தில் காலியான இடத்துக்கு ஒரு பையன் நகர்ந்து உட்கார்ந்தான். நான் விசில் கொடுத்தேன்.